இமையில் ஏறிய ஊதா

வெங்கடேசனின் கண் இமைகளைப் பார்த்ததும் தெய்வசிகாமணிக்கு நெஞ்சு குளிர்ந்தது.

வெள்ளிமலைக்குப் போகும் பாதையோரம் அவர்களுடைய குலதெய்வக் கோயில். ஆடிப் பொங்கலுக்காகத் தியாகதுருகத்துப் பங்காளிகள் எல்லாரும் வேன் பிடித்து மலையேறி வந்திருந்தார்கள். வெங்கடேசன் தலைப்பாகை கட்டக் கையைத் தூக்கினான். கை தோளுக்கு மேல் எழவில்லை. இமைகள் இரண்டும் நாவல்பழம் தின்ற நாக்கின் நிறத்தில் வீங்கியிருந்தன. விரல் கணுக்களில் சிவந்த தடிப்பு, அதன்மேல் செதில்.

"இன்னா மச்சான், கண்ணுக்கு சாயம் பூசிக்கினு வந்துட்ட?" என்று கேட்டான் வீட்டு மாப்பிள்ளை இருசப்பன்.

"மரவள்ளிக்கு மருந்து அடிச்சேன்யா, ஒத்துக்கல. இந்த மூஞ்சிக்கு இன்னொரு பொண்ணா பாக்கப் போற?"

கூட்டம் சிரித்தது. தெய்வசிகாமணி சிரிக்கவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே நிறம் அவர் மனைவி பச்சையம்மாளின் இமையில் இருந்தது. மூத்த வீடு என்பதால் முதல் அடுப்பு அவளுடையது. கல் கூட்டிப் பானை ஏற்றியவளைத் தடுத்தவன், அவருடைய சித்தப்பா மகனான இந்த வெங்கடேசன்தான். "குஷ்டம் புடிச்ச கையால சாமிக்குப் பொங்க வெப்பாங்களா?" என்று பானையைக் காலால் தள்ளினான். பங்காளிகளில் ஒருத்தன் வாய் திறக்கவில்லை. அவள் அரிசியை மண்ணோடு அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டு வேனில் போய் உட்கார்ந்தாள். அடுத்த பொங்கலுக்கு அவள் இல்லை.

புதுச்சேரியில் ஒரு தோல் டாக்டரம்மாதான் கடைசியில் விஷயத்தைச் சொன்னார். இமையில் ஊதா, கணுவில் தடிப்பு, தசையில் தளர்ச்சி. இது ஒட்டுகிற நோய் இல்லை. இப்படி வந்த எல்லாருக்கும் உள்ளே புற்று இருக்கும் என்றும் இல்லை. ஆனால் உடம்பு முழுக்கத் தேடிப் பார்த்தே ஆகவேண்டும். பச்சையம்மாளுக்குச் சினைப்பையில் இருந்தது. அவர்கள் தேடியபோது அது வயிறெங்கும் பரவிவிட்டிருந்தது.

இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அவனுக்கும் அதே கதிதான். ஆனால் வெங்கடேசனின் மனைவி ஜெயசுதா கெட்டிக்காரி. இன்றில்லாவிட்டால் நாளை எப்படியும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போய்விடுவாள். அவனைப் போகவிடாமல் செய்ய ஒரே வழிதான் உண்டு. தெய்வசிகாமணிக்குத் தன் ரத்தத்தைப் பற்றித் தெரியும். பகையாளி சொன்ன வழியில் உயிரே போனாலும் அவர்கள் குடும்பத்து ஆண்பிள்ளை நடக்கமாட்டான்.

ஆரத்தித் தட்டு வெளியே வந்தபோது அவர் எழுந்து நின்றார்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. வெங்கடேசன் கண்ணுல இருக்கறது மருந்து அடிச்சதால வந்ததில்ல. எம் பொஞ்சாதிக்கு வந்த அதே நோவு. உள்ள புத்து இருந்தாலும் இருக்கும். நாளைக்கே போய்ப் பாக்கச் சொல்லுங்க. மூத்தவன் நானு, சொல்லவேண்டியத சொல்லிட்டேன்."

வெங்கடேசனுடைய முகம் சிவந்தது.

"சாமி எதிர்ல எனக்கு நாள் குறிக்கிறியா? உம் பொஞ்சாதி செத்தா நானும் சாவணுமா?" தட்டில் எரிந்த கற்பூரத்தின் மேல் கையை வைத்தான். "இந்தாளு சொன்னான்னு ஆஸ்பத்திரி வாசப்படி மிதிச்சா, நான் எங்கப்பனுக்குப் பொறக்கல!"

தெய்வசிகாமணி தலையாட்டினார். அவருக்கு வேண்டியது அந்தச் சத்தியம்தான். நல்லதைச் சொன்னார் என்பதற்கு நாற்பது பேர் சாட்சி. அவன் கேட்காததற்கும் அதே நாற்பது பேர் சாட்சி. அன்றைக்குப் பந்தியில் அவர் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

குழாயடியில் கை கழுவும்போது ஜெயசுதா பின்னால் வந்து நின்றாள்.

"எனக்குத் தெரியும் மாமா."

"இன்னா தெரியும்?"

"அவரு போவக் கூடாதுன்னுதான் ஊரு கேக்கச் சொன்னீங்க. அக்கா இருந்திருந்தா எங்காதுல மட்டும் சொல்லியிருப்பாங்க."

அவர் மறுக்கவில்லை. பொய் சொல்வது அவர் வீட்டில் வழக்கமில்லை.

"எந்த டாக்டர்னு சொல்லுங்க. எங்கண்ணன் சொன்னதா சொல்லி நான் இட்டுக்கினு போறேன். உங்க பேரு வராது."

"எம் பேரு வரத் தேவையில்ல. பச்சையம்மா பேரு வரணும்."

ஜெயசுதாவுக்குப் புரியவில்லை.

"அந்த டாக்டரம்மா எதிர்ல உக்காந்து அவன் வாயால சொல்லணும். 'எங்க அண்ணிக்கு இதே மாதிரிதான் வந்துச்சு, குஷ்டம்னு சொல்லி அவங்க பானைய எட்டி ஒதைச்சவன் நான்தான்'னு சொல்லணும். இவ்ளோதான்."

"சத்தியத்த மீறி வரவெக்கறதே பெரும்பாடு. இதையும் எப்படி மாமா சொல்லுவாரு?"

"அது உம் பாடு, அவன் பாடு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். அவர் டாக்டரம்மாவின் பெயரையும், எந்தக் கிழமை பார்ப்பார் என்பதையும், எந்த வாசல் வழியாகப் போகவேண்டும் என்பதையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் போனில் தட்டிக் குறித்துக்கொண்டாள்.

"அவரு சொல்லலன்னா?"

"சொல்லலன்னா பக்கத்து ஊரு டாக்டருங்க கிட்டயே காட்டுங்க. அலர்ஜின்னு களிம்பு குடுப்பாங்க" என்றார் தெய்வசிகாமணி. "எங்களுக்கும் அதான் குடுத்தாங்க. பதினோரு மாசம் தடவினோம்."