சால்வை போர்த்திய விதைத் தட்டுகள்

பஸ் ஓட்டுகிற அந்த அம்மாவுக்கு அடுக்குமாடிச் சங்கச் செயலாளர் கொடுத்த கெடு மூன்று வசந்தம். கேட்டை ஒட்டிய பத்தடி நிலத்தில் அதற்குள் பூ வந்தால் தோட்டம். வராவிட்டால் சிமெண்ட் பூசி வண்டி நிறுத்துவார்கள். குளிர் முடிந்து பசியோடு கிளம்புகிற தேனீக்கு இந்தத் தெருவில் உட்கார ஒரு பூ கிடையாதே என்று அவளுக்கு அப்படியொரு ஆற்றாமை. பஸ் கடைசி நிறுத்தத்தில் நிற்கும்போதெல்லாம் இறங்கிப்போய், மேட்டில் தானாக வளர்கிற செடிகளின் விதையைச் சீருடைப் பையில் பொறுக்கி வந்தாள்.

அந்த விதைகள் சரியான அழுத்தக்காரர்கள். குளிர்காலம் முழுக்க ஈரமண்ணில் விறைத்துக் கிடந்தால்தான் முளைக்கும். ஆறு தட்டுகளில் விதைத்துப் பால்கனியில் வைத்தாள். முதல் வசந்தம் வந்தது. முளை? ஒன்றுகூட இல்லை. தன் கைக்குத்தான் ராசியில்லை என்று அழுதேவிட்டாள்.

அடுத்த குளிரில் மறுபடி விதைத்தாள். ஒருநாள் சாயங்கால வேலைக்குக் கிளம்பியவள், மூக்குக்கண்ணாடியை மறந்து திரும்பி வந்தாள். கூடத்தில் ஹீட்டர் முன்னால் ஆறு தட்டுகளும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மேலே அவளுடைய சால்வை! பக்கத்தில் தையல்காரக் கணவர் திருதிருவென்று முழித்தார்.

"என்னங்க இது?"

"வெளியில பனி கொட்டுது. பாவம், அதுங்க எப்படித் தாங்கும்?"

"போன வருஷமும் இதே வேலைதானா?"

"தினமும். நீ வேலை முடிஞ்சு வர்றதுக்குள்ள திரும்ப வச்சிடுவேன்."

அட மகராசா! ஒரு வருஷத்து உழைப்பைப் பாசம் காட்டியே பாழாக்கியிருக்கிறார். கோபம் தலைக்கேறியது, சால்வையைப் பார்த்ததும் சிரிப்பும் வந்து தொலைத்தது. தட்டுகள் பால்கனிக்குப் போயின. பால்கனிச் சாவி அவள் பைக்குள் போனது.

அந்த வசந்தத்தில் முளைத்தன பாருங்கள், தட்டு கொள்ளாமல்! நிலத்தில் நட்டாள். ஆனால் வெறும் இலைதான்.

"கீரை போட்டிருக்கீங்களாம்மா?" என்றார் செயலாளர். மாடி முழுக்கச் சிரித்தது.

"இந்த வருஷம் வேர் விடும் சார். அடுத்த வருஷம் பூக்கும்."

"அடுத்ததுதான் கடைசி. அப்புறம் என்மேல வருத்தப்படக்கூடாது."

குளிர் வந்ததும் இலையும் கருகி மண்ணோடு போயிற்று. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அவள் குனிந்து மண்ணைப் பார்த்தாள்.

மூன்றாம் வசந்தத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, செயலாளர் கொத்தனாரோடு அளவெடுக்க வந்தார். வந்தவர் அப்படியே நின்றார். முந்தின நாள் மொட்டாக இருந்ததெல்லாம் விரிந்து, பத்தடியும் ஊதாவும் மஞ்சளுமாகக் கொள்ளை கொள்ளையாகக் கிடந்தது. தேனீக்கள் இடம்பிடிக்க அடித்துக்கொண்டன. நூல் பிடிக்கக் குனிந்த கொத்தனார் சட்டென்று நிமிர்ந்தார்.

"இதுல நான் கை வைக்க மாட்டேன் சார். வேற ஆளப் பாருங்க."

ஒரு குண்டுத் தேனீ செயலாளரின் வெள்ளைச் சட்டையில் வந்து உட்கார்ந்தது. மனிதர் மூச்சைப் பிடித்து நின்றார். அது மஞ்சள் தூளை அப்பிவிட்டு நிதானமாகப் பறந்தது. அவர் தட்டிவிடவில்லை.

"நீங்க ஜெயிச்சிட்டீங்கம்மா," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நம்ம பால்கனிக்கும் கொஞ்சம் விதை கிடைக்குமா?"

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "தாராளமா சார். ஆனா ஒண்ணு. எவ்வளவு பனி கொட்டினாலும் உள்ள தூக்கிட்டு வந்துடக்கூடாது."

பின்னால் நின்ற தையல்காரர் பெருமூச்சு விட்டார். "அதுதான் சார் ரொம்பக் கஷ்டம்."