ஆறரை மணி ஆராதனை

வேம்புலி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வண்டி சபைக்கு. கள்ளிக்குப்பத்தில் தூரம் நடக்க முடியாத வயதான பெண்கள் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு ஒன்பது மணித் தமிழ் ஆராதனைக்குக் கூட்டிவருவான். முடிந்ததும் ஒவ்வொருவரையும் வீட்டு வாசலில் கைபிடித்து இறக்குவான்.

குடியை விட்ட வருடம் அவன் ஞானஸ்நானம் எடுத்தான். அந்த வருடம் முழுக்க அவனோடு நின்றவன் செல்வகுமார். நாகர்கோவில்காரன், ஐடி வேலை, அயனம்பாக்கத்தில் ஃப்ளாட். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருவரும் சபையின் பின்னறையில் முழங்காலிட்டு ஜெபிப்பார்கள். பெண்டாட்டியிடம் கூடச் சொல்லாததை வேம்புலி அங்கே சொல்லி அழுதிருக்கிறான்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜெபத்துக்கு நடுவில் செல்வகுமார் கேட்டான்: "அண்ணே, நம்ம அம்மாமாருக்குக் காலைல இன்னும் சீக்கிரம் வரதுன்னா கஷ்டமா இருக்குமோ?"

வேம்புலிக்குப் பெருமையாக இருந்தது. "இன்னா தம்பி இப்டி கேட்டுட்ட? கர்த்தர் பேரச் சொன்னா அஞ்சு மணிக்கே கெளம்பி குந்திகினு இருப்பாங்க. நான் கீறேன்ல!"

அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்து சபைக் கூட்டம். அடுத்த மாதத்திலிருந்து ஒன்பது மணிக்கு ஆங்கில ஆராதனை, தமிழுக்கு ஆறரை மணி என்று ஆயர் அறிவித்தார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேம்புலி செல்வகுமாரைத் தேடினான். தம்பி எழுந்து இரண்டு வார்த்தை பேசுவான் என்று அவனுக்கு நிச்சயம்.

செல்வகுமார் எழுந்தான். "பெரியவங்களுக்கு இதுல சிரமம் இல்ல. அஞ்சு மணிக்குக்கூடத் தயாரா இருப்பாங்கன்னு வேம்புலி அண்ணனே எங்கிட்டச் சொன்னாங்க."

சிலர் திரும்பி வேம்புலியைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். யாரோ கைதட்டினார்கள். அவன் குனிந்து வண்டிச் சாவியைத் தேடினான்.

திரும்பும்போது பெண்களை ஒவ்வொருவராக இறக்கினான். தன் வீடு வந்ததும் அந்த ஏழு பேரில் ஒருத்தியான பொன்னியம்மா கேட்டாள்: "நீயா நைனா சொன்ன?"

"சொன்னேம்மா. ஆனா இதுக்குச் சொல்லல."

"மருமவ நைட் ஷிப்ட் முடிச்சி ஊட்டுக்கு வரவே ஏழு மணி ஆவுது. அப்பாலதான் என்னைக் குளிப்பாட்டுவா. நான் எப்டி வர்றது?"

முதல் ஆறரை மணி ஆராதனைக்கு அவன் வண்டியில் இரண்டே பேர்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமைதான் மறுபடி பின்னறைக்குப் போனான். முழங்காலிடவில்லை.

"அத்த எதுக்கு கேக்கறேன்னு அப்பவே சொல்லியிருக்கலாமே தம்பி?"

செல்வகுமார் தலை நிமிரவில்லை. "பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியல அண்ணே. புரியாத இடத்துக்கு வரமாட்டோம்னு நிக்குதுங்க. உங்ககிட்டச் சொன்னா வேண்டாம்பீங்களோன்னு பயந்துட்டேன்."

"உம் புள்ளைங்க வரவேணாம்னு நான் சொல்வனா? தமிழ பதினொண்ணுக்கு வெச்சிக்கலாமான்னு கேட்டிருப்பேன். ரெண்டு பேருமா போயி ஆயர்கிட்ட பேசியிருக்கலாம். முட்டி போட்டுகினு இருக்கறப்ப என் வாயிலேர்ந்து வார்த்தைய புடுங்கிகினு போயிட்டியே."

"மன்னிச்சிருங்க அண்ணே. ஜெபிக்கலாம், வாங்க."

"இன்னிக்கி வேணாம்."

ஞாயிறன்று ஏழு பேரையும் ஒன்பது மணிக்கே அழைத்துவந்தான். வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்கிற ஆக்னஸ் டீச்சர் தயங்கினாள். "இது இங்கிலீஷ் சர்வீஸ்மா..."

"தெரியும்மா," என்றாள் பொன்னியம்மா. "எங்களால வர முடிஞ்ச நேரம் இதான்."

வழக்கமான பெஞ்சில் ஏழு பேரும் உட்கார்ந்தார்கள். பாட்டும் புரியவில்லை, பிரசங்கமும் புரியவில்லை. மற்றவர்கள் எழும்போது எழுந்தார்கள், உட்காரும்போது உட்கார்ந்தார்கள். மூன்று வாரம் இப்படியே. நான்காவது வாரம் ஆயரே ஆட்டோவருகே வந்து, தமிழ் ஆராதனை இனி பதினொரு மணிக்கு என்றார். யோசனை சொன்னது செல்வகுமார்தான் என்றும் சொன்னார்.

பெண்களுக்குச் சந்தோஷம். வேம்புலியும் சிரித்தான்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் வண்டியை ஓரங்கட்டி, சீட்டில் உட்கார்ந்தே தனியாக ஜெபிக்கிறான். மனைவி, பிள்ளைகள், ஏழு பெண்கள் என்று ஒவ்வொருவருக்காகவும் வேண்டிக்கொள்வான். பிறகு செல்வகுமாரின் பெயரைச் சொல்வான். அதற்கு மேல் வார்த்தை வராது. ஏரியைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்புவான்.