முப்பத்தோராம் பக்கத்தில் நிறுத்தினேன்

பாண்டுரங்கனுக்கு நான் கொடுக்க வேண்டியிருந்தது ஏழு ரூபாய் நாற்பது காசு. அத்தனையும் புத்தக வாடகை. போளூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அவன் வாடகை நூல் நிலையம் வைத்திருந்தான். ஒரு புத்தகத்துக்கு ஒரு நாளைக்குப் பத்துக் காசு. கம்பவுண்டர் வீட்டுச் சுந்தரம்மாள் ஒரே நாளில் முடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். நானோ மலையில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்த முதியோர் வகுப்பில், நாற்பது வயதில் எழுத்துக் கற்றவன். புளி மண்டியில் மூட்டை தூக்கிவிட்டு வந்து, எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தால் அதே புத்தகம் பத்து நாள் இழுக்கும். அதே குப்பைக்கு அவளைவிடப் பத்து மடங்கு அழுதேன்.

அதனால்தான் நோட்டுப் போட்டேன். அட்டை எல்லாம் ஒரே மூஞ்சி. ஒரே தண்டத்தை இரண்டு முறை எடுத்து ஏமாந்திருக்கிறேன். எந்தப் புத்தகம், எந்தப் பக்கத்தில் நிறுத்தினேன், ஏன் நிறுத்தினேன் என்று எழுதி வைப்பேன்.

"முப்பத்தோராம் பக்கம். கதாநாயகன் இன்னும் காரை விட்டு இறங்கவில்லை. நிறுத்தினேன்."

"முழுக்கப் படித்தேன். அவனுக்கு என்ன வேலை என்று கடைசிவரை சொல்லவில்லை. சாப்பாடு மட்டும் மேசைக்கு வந்துகொண்டே இருக்கிறது."

"இவள் அழுது முடிக்க எனக்கு இரண்டு நாள் வாடகை."

ஒருநாள் கடையில் இதைப் படித்துக் காட்டியதும் சுந்தரம்மாள் சிரித்துவிட்டு, கையில் எடுத்த புத்தகத்தைத் திரும்ப வைத்துவிட்டாள். அதிலிருந்து, "உங்க நோட்டுல இதுக்கு இன்னா போட்டிருக்கீங்க?" என்று கேட்காமல் அவள் எதையும் எடுப்பதில்லை. மற்றவர்களும் அப்படியே பழகிவிட்டார்கள்.

பாண்டுரங்கனுக்குப் பொறுக்கவில்லை.

"யோவ் கோவிந்தா, மூட்ட தூக்குறவனுக்கு இன்னாத்துக்குய்யா இந்த வேல? நோட்டக் குட்த்துட்டுப் போ. ஏழு நாப்பதையும் அடிச்சிடறேன்."

"நீ இதுல ஒண்ணாவது படிச்சிருக்கியா, மொதலாளி?"

"மருந்துக் கடக்காரன் எல்லா மாத்திரையும் முழுங்கிப் பாக்குறானா?"

"அவனுக்காவது எது விஷம்னு தெரியும்."

"அப்ப பாக்கிய வெச்சிட்டுப் பேசு. அதுவரிக்கும் உனக்குப் புஸ்தகம் கெடையாது."

நோட்டைக் கொடுத்திருந்தால் கடன் தீர்ந்திருக்கும். அடுத்த வாரமே பழைய தண்டத்துக்கு மறுபடி வாடகை கட்டிக்கொண்டிருப்பேன். கொடுக்கவில்லை. புத்தகம் இல்லாத அந்த மாதம் மோசமாகத்தான் போனது. சாக்கில் அச்சடித்திருந்ததையும் சுவரில் ஒட்டியிருந்ததையும் படித்தேன். "இவை பரவாயில்லை. சுருக்கமாக முடிகின்றன" என்று அதையும் நோட்டில் எழுதினேன்.

கடைசியில் பாண்டுரங்கனே மண்டிக்கு வந்து நின்றான்.

"நீ வராம அந்தம்மா எதையும் எடுக்க மாட்டேன்னுதுய்யா. எது தேறும்னு யார் சொல்றதாம்? அவங்களப் பாத்து மத்தவங்களும் வர்றதில்ல. வந்து கழிச்சிக் குடு. தேறாதத பழைய பேப்பர் கடயில போட்டுடலாம்."

நோட்டைப் பார்த்துக் கழித்தேன். அலமாரி பாதி காலியானது. அத்தனை காதலும் கண்ணீரும் ஒரே சாக்கில் அடங்கிவிட்டன. பழைய பேப்பர் கடைவரை நானே சுமந்தேன். அந்தக் கடைக்காரன் ஓர் அட்டையையும் திருப்பிப் பார்க்காமல் தராசில் தூக்கிப் போட்டான். இவர்களில் புத்திசாலி அவன்தான்.

திரும்பி வந்து, "கூலி?" என்றேன்.

"கழிச்சதுக்கும் தூக்குனதுக்கும் பாக்கிக்கும் சரியாப் போச்சி" என்று பாண்டுரங்கன் கணக்கில் கோடு போட்டு அடித்தான்.

அடித்தது என் பேரைத்தானா என்று குனிந்து படித்துப் பார்த்துவிட்டுத்தான் படி இறங்கினேன்.