குழாய் இறக்காத புகைபோக்கி

அரை மணித்தியாலம்தானே. மேலே யன்னலைத் திறந்துவிட்டு, பிள்ளையைக் கீழே கூட்டிக்கொண்டு வந்துவிட்டால் ஒன்றும் ஆகாது. புது விறகடுப்பில் பால் பொங்கும். எல்லோருக்கும் சந்தோசம். பிறகு நெருப்பை அணைத்துவிடலாம்.

பிறகு? பின்னேரம் மனிசன் மறுபடி மூட்டுவார். நாளைக்கும் மூட்டுவார்.

செல்வமலர் தேநீருக்குச் சீனி போட்டாளா இல்லையா என்பதை மறந்து, ஒரு கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். போட்டிருந்தாள். இரண்டு தடவை போட்டிருந்தாள். ஊற்றிவிட்டுப் புதிதாகத் தண்ணீர் வைத்தாள்.

இரவு கொட்டிய பனியால் லண்டன் நோர்பரியில் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. பன்னிரண்டு வயது மகள் கோசிகா மேலே தன் அறையில் இன்னும் போர்த்துக்கொண்டு படுத்திருந்தாள். முன்னறையிலிருந்து கணவர் யோகலிங்கத்தின் சிரிப்புக் கேட்டது. அந்தச் சிரிப்புத்தான் செல்வமலரை ஓரிடத்தில் நிற்கவிடவில்லை.

ஊரில் யுத்தம் முடிந்த மே மாதத்துக்குப் பிறகு நெடுநாள் அவர் சிரிக்கவில்லை. தம்பி குடும்பத்தைப் பற்றி இனி ஒரு தகவலும் வராது என்று ஆனபின், வேலைக்குப் போனார், வந்தார், சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார். ஒக்டோபரில் ஒருநாள், முன்பு அவர்கள் இருந்த டென்மார்க்கிலிருந்து சிநேகிதனின் வானில் பழைய இரும்பு விறகடுப்பு ஒன்று வந்து இறங்கியது. அன்றோடு மனிசன் மாறிவிட்டார். முன்னறைச் சுவரில் பலகை அடித்து மூடியிருந்த பழைய நெருப்பிடத்தை உடைத்துத் திறந்தார். அதன் முன்னால் கருங்கல் பதித்தார். சிமெந்துக் கையோடு குசினிக்குள் வந்து, “மலர், இண்டைக்கு என்ன கறி?” என்று கேட்டார். ஐந்து மாதமாக அவர் கேட்காத கேள்வி. அவள் காஸ் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று அழுதாள்.

கூட நின்று உதவியவன் தெரிந்த பெடியன் கிறிஸ்துராஜா. வீடுகளுக்குக் குசினி அலுமாரி பூட்டிக் கொடுப்பது அவன் தொழில். “அனுமதிக்கெண்டு கவுன்சிலுக்குச் சொன்னா ஆறு கிழமை இழுப்பாங்கள் அண்ணை. ஒரு இரும்புப் பெட்டி, ஒரு குழாய். உதிலை என்ன கிடக்கு?” என்றான். அடுப்பின் குழாயைப் புகைபோக்கிக்குள் ஒரு முழம் நுழைத்து, சுற்றிவரத் தகடு வைத்து அடைத்தார்கள். அதற்கு மேல், நூறு வருடத்துச் செங்கல்லும் இருட்டும்தான்.

“ஹெர்னிங்கிலை ஒன்பது வருசம் எரிச்சனாங்கள். எனக்கோ விறகடுப்புப் படிப்பிக்கிறாய்?” என்பார் யோகலிங்கம். உண்மைதான். டென்மார்க்கில் அந்த வாடகை வீட்டில் காய்ந்த விறகு எது, ஈர விறகு எது என்று தட்டிப் பார்த்தே சொல்லுவார். ஆனால் அங்கே அடுப்பும் குழாயும் வீட்டுக்காரனுடையவை. கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் வருடா வருடம் கறுப்பு உடுப்புப் போட்ட புகைபோக்கிக்காரன் ஒருவன் வந்து, கூரையில் ஏறிப் பார்த்து, துண்டு எழுதி வைத்துவிட்டுப் போவான். எரிக்கத் தெரிந்ததை அவர் பொருத்தத் தெரிந்ததாக எண்ணிக்கொண்டார். அவளும் அப்படித்தான் எண்ணினாள். அதை மறைத்து என்ன பயன்?

போன ஞாயிற்றுக்கிழமை சோதனைக்கு ஒருதரம் மூட்டிப் பார்த்தார்கள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நெருப்பு அழகாக நின்றது. ஒரு மணித்தியாலம் போயிருக்கும், மேலே கோசிகாவின் அறையில் அலாரம் கத்தியது. புகைக்கென்று நினைத்துச் செல்வமலர் தானே கடையில் வாங்கிப் பூட்டிய அலாரம். யோகலிங்கம் ஏறிப் பார்த்துவிட்டு, “மத்தியானம் மீன் பொரிச்சனீரெல்லே?” என்று படியில் நின்று கேட்டார்.

“ஓம், பொரிச்சனான்.”

அவள் வாயால்தான் சொன்னாள். அந்த வீட்டில் அலாரம் என்பது சமையலோடு சண்டை பிடிக்கிற சாமான். கடுகு வெடித்தால் கத்தும், சாம்பிராணி போட்டால் கத்தும். குசினி வாசலில் இருக்கிறதுக்கு அவளே குளிக்கிற தொப்பி ஒன்றை மாட்டி வைத்திருந்தாள். மேலே கத்தியதன் பற்றரியை அவர் கழற்றி அலுமாரிக்கு மேல் வைத்தார். இரவு பிள்ளை தலை இடிக்குது என்று சத்தி எடுத்தபோது, பனடோல் குளிசை கொடுத்து நெற்றியைத் தடவிப் படுக்கவைத்தவளும் அவள்தான்.

அந்தப் பனடோல் நாலு நாளாக அவளுக்குள் கிடந்து உறுத்தியது. மீன் மத்தியானம் பொரித்தது. யன்னலெல்லாம் திறந்துதான் பொரித்தது. பின்னேரம் ஐந்து மணிக்குப் பிள்ளையின் அறைக்கு எந்தப் புகை போனது?

நேற்று, கணவர் வேலைக்குப் போன பிறகு, புகைபோக்கி துடைக்கிற ஒரு வெள்ளைக்காரக் கிழவரைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். களவு செய்வதுபோல் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். அவர் மத்தியானமே வந்து, புகை கக்கும் வில்லை ஒன்றை அடுப்புக்குள் வைத்துக் கொளுத்தி, கதவைச் சாத்தினார். “வா, மேலே போவோம்” என்றார். கோசிகாவின் அலுமாரியை இரண்டு பேருமாக இழுத்தார்கள். சுவரில் ஒட்டிய தாளின் விளிம்பிலிருந்து, ஊதுபத்தி கொளுத்தி வைத்த மாதிரி, மெல்லிசாக வெள்ளைப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. பிள்ளையின் தலையணைக்கு நேரே.

பற்றரி இல்லாத அலாரத்தைக் கிழவர் கையில் எடுத்து, இது சமையல் புகைக்குக் கத்துகிறதல்ல, விறகு எரியும்போது வருகிற, மணமே இல்லாத நஞ்சு வாயு ஒன்று இருக்கிறது, அதற்கு மட்டும்தான் கத்தும் என்று சொன்னார். புகைபோக்கிக்குள் மேலிருந்து கீழ்வரை உருக்குக் குழாய் இறக்கவேண்டும், பதிவு பெற்ற ஒருவர் வந்து செய்யவேண்டும், அதுவரை ஒரு கடதாசியைக்கூட எரிக்காதே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பின்னேரம் அதைக் கணவரிடம் நீட்டினாள். அவர் வாசித்தார். முகத்தில் பழைய இருள் வந்து ஒரு கணம் நின்றது. அதைக் கண்டதும் அவளுக்குக் கடதாசியைத் திரும்பப் பறித்துவிடலாம்போல் இருந்தது.

“உவங்களுக்கு உது வியாபாரம், மலர். குழாய் விக்கவேணுமெல்லே?”

“புகையை நான் கண்ணாலை கண்டனான்.”

“அக்காவுக்குச் சொல்லியாச்சு. நாளைக்கு நல்ல நாள். ஒருக்கா மூட்டுவம், பிறகு பாப்பம்.” கடதாசியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

அவ்வளவுதான். இரவு முழுக்க அவள் மனம் பேரம் பேசியது. அரை மணித்தியாலம்தானே.

“மலர்! என்ன, தேத்தண்ணிக்குக் கொழுந்து பிடுங்கவே போனனீர்?” முன்னறையிலிருந்து சுசிலாவின் குரல். யோகலிங்கத்தின் தமக்கை விம்பிள்டனிலிருந்து பனிக்குள்ளே டிராமும் ரயிலும் மாறி வந்திருந்தாள்.

செல்வமலர் தட்டோடு போனாள். அடுப்பின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். உள்ளே சுள்ளியும் விறகும் கோபுரம்போல் அடுக்கியிருந்தது. மேல் தட்டில் புதுச் சட்டி நிறையப் பால்.

“விறைச்சுப்போய் வந்திருக்கிறன். சூடு காட்டாமல் அனுப்பிப்போடாதையுங்கோ” என்றாள் சுசிலா. “பத்தரைக்கு ராகுகாலம். கெதியா மூட்டும் மலர். வீட்டுப் பொம்பிளைதான் முதல் மூட்டவேணும்.”

யோகலிங்கம் நெருப்புப்பெட்டியை நீட்டினார். புதுச் சட்டை போட்டிருந்தார். தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவியிருந்தார். அந்தக் கண்களில் இருந்த ஆசையைப் பார்க்க மாட்டாமல் அவள் குனிந்து தேநீர்த் தட்டை மேசையில் வைத்தாள். வாங்கி உரசிவிட்டால் போதும். ஒரு குச்சி. இந்த மனிசன் மார்கழி முழுக்கச் சிரித்துக்கொண்டே இருப்பார்.

அவள் கை மேலே எழும்பவில்லை.

“நான் மூட்டமாட்டன்” என்றாள்.

சுவரில் சாய்ந்து நின்ற கிறிஸ்துராஜா சிரித்தான். “அக்காவுக்குக் காஸ் அடுப்பிலைதான் பாசம்.”

“என்ன கதை இது? நல்ல நாளும் அதுவுமா!” என்றாள் சுசிலா.

“மச்சாள், மேலை கோசிகாவின்ரை சுவராலை புகை வருகுது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்குத் தலை இடிச்சது இதாலைதான். புகைபோக்கி பாக்க வந்தவர் எழுதித் தந்தவர். இவரின்ரை பைக்குள்ளை கிடக்கு.”

கிறிஸ்துராஜாவின் சிரிப்பு நின்றது. அவன் அடுப்பைப் பார்த்தான், பிறகு கூரையைப் பார்த்தான்.

யோகலிங்கம் அவளுக்குக் கிட்ட வந்தார். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், கெஞ்சுகிற மாதிரி, “எனக்காக, மலர். இந்த ஒருக்கா” என்றார். இருபது வருடத்தில் அவர் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை.

அவருடைய நகக்கண்ணில் சிமெந்து இன்னும் வெள்ளையாக ஒட்டியிருந்ததைப் பார்த்தாள்.

“உங்களுக்காக வேறை என்னெண்டாலும் செய்யிறன்” என்றாள் மெதுவாக. “இது ஏலாது.”