எந்த ஆறு மணி

யுத்தத்துக்கென்று எதெதையோ கேட்ட சர்க்கார், கடைசியில் கடிகாரத்திலும் கைவைத்து, ஒரு மணி நேரத்தை முன்னே தள்ளிவிட்ட வருஷம் அது. தென்காசியில் பாதிப் பேர் புது மணியைச் சட்டை செய்யவில்லை. காந்திமதிநாத பிள்ளை செய்தார். ரயில்வேயில் காலமெல்லாம் குப்பை கொட்டியவர். மணி என்றால் அவருக்குச் சர்க்கார் மணிதான்.

பெண்டாட்டி இறந்த பிறகு அவருக்கு இருந்த ஒரே துணை கடையநல்லூர் கிதிர் முகம்மது சாயபு. ஐப்பசி பிறந்தால் வடக்கேயிருந்து ஆறுமணிக் குருவி வந்து சத்திரத்துத் தோட்டத்துச் சருகில் இறங்கும். அந்தியில் அது விசிலடிக்கிற நேரத்தை வைத்து ஊர் இட்ட பெயர் அது. வருஷா வருஷம் முதல் குருவியை இருவரும் சேர்ந்தேதான் பார்ப்பார்கள். இந்த வருஷம் சாயபு மகனோடு பம்பாய்க்குப் போகிறார். திரும்புகிற உத்தேசம் இல்லை. "ரயிலேறுத அன்னிக்கு ஆறுமணிக்குத் தோட்டத்துல பாப்போம் அண்ணாச்சி. குருவியப் பாக்காம போவ மாட்டேன்" என்று சொல்லியிருந்தார்.

அன்றைக்கு ஆறடிக்கும் முன்பே பிள்ளை போய் மாமரத்தடியில் உட்கார்ந்தார். வாய்க்காலோரம் வாலாட்டிக் குருவி ஒன்று ஓடியது. வெயில் இன்னும் இறங்கவில்லை. ஆறுமணிக் குருவியும் இல்லை, சாயபுவும் இல்லை. காத்துக் காத்துப் பார்த்தார். முதலில் நெஞ்சு கனத்தது, அப்புறம் கோபம் வந்தது. தனியாகக் கிடக்கிற மனுஷனுக்குக் கோபம் வர எவ்வளவு நேரமாகும்?

"அவரு வந்தா, நான் இந்தப் பக்கமே எட்டிப் பாக்கலன்னு சொல்லிரு" என்று தோட்டக் காவல்காரன் சுடலைமாடனிடம் சொல்லிவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தார்.

வீட்டில் விளக்கேற்றும்போது புறவாசல் பக்கமிருந்து அந்த விசில் கேட்டது. கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு. அப்படியென்றால் பழைய மணிக்கு ஆறு. குருவிக்கு யார் போய்ப் புது மணி சொல்லிக்கொடுத்தது? சாயபு சொன்னதும் குருவியின் ஆறு மணியைத்தானே! செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.

சுடலைமாடன் கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தான்.

"சாயபு கொஞ்சம் முந்திதான் போனாவ ஐயா. குருவி கத்துத வரைக்கும் அந்த மரத்தடியிலயே இருந்தாவ. நீங்க வந்தீயளான்னு கேட்டாவ. நீங்க சொன்னபடியே சொல்லிட்டேன்."

"அதுக்கு என்னலே சொன்னாரு?"

"'வராம இருக்க மாட்டாவளே'ன்னாவ. பொறவு ரயிலுக்கு நேரமாச்சுன்னு கண்ணத் தொடச்சுக்கிட்டே டேசனுக்குப் போயிட்டாவ."

டேசன் பக்கம் ரயில் ஊதியது. அது புறப்படுகிற ஊதல் என்பது பிள்ளைக்குத் தெரியாதா என்ன? கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டனா ஐயா?"

"இல்லலே. நான் சொன்னதைத்தான் சொன்னே."