திரும்பி வந்த கார்

“நிறுத்துங்கன்னு சொல்றேன்ல…”

“நடு ரோட்டுல எப்படி நிறுத்துறது? பின்னாடி பஸ்ஸு வரு…”

“முன்னாடி நின்ன மனுஷி கண்ணுக்குத் தெரியல, பின்னாடி வர்ற பஸ் மட்டும் தெரியுதோ?”

“யாரு நின்னா? எங்க நின்னா?”

“பச்சை சால்வை போர்த்திக்கிட்டு ஒரு அம்மா நின்னாங்க. உச்சந்தலையிலேர்ந்து உள்ளங்கால் வரைக்கும் சேத்துத் தண்ணியை ஊத்திட்டு வந்திருக்கீங்க.”

“ஊத்தினது நானில்ல, அந்தக் குழி. அதை மூடாம விட்டவங்களைப் போய்க் கேளு.”

“குழி அது பாட்டுக்குக் கிடந்தது. நீங்கதான் போய் அதுல இறங்கினீங்க.”

கண்ணாடி துடைக்கும் தண்டு கிறீச் கிறீச்சென்று போய்வந்தது. ஒரு தடவை துடைத்தால் அரை நொடிக்குத் தெரியும், அப்புறம் மறுபடி வெள்ளம். உள்ளே இரண்டு பேரும் மூச்சு வாங்கக் கத்தியதில் கண்ணாடியில் ஆவி வேறு படிந்துவிட்டது. அவள் தன் வேலைக் கோட்டின் கையால் பக்கத்துக் கண்ணாடியைத் தேய்த்துவிட்டுப் பின்னால் எட்டிப் பார்த்தாள். மழையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே இடத்தில்தான் வேலை. ரத்தப் பரிசோதனைக் கூடம். அவள் வாசல் மேசையில் உட்கார்ந்து பேர் எழுதி, குப்பிகளில் சீட்டு ஒட்டிக் கொடுப்பாள். அவன் உள்ளே ஊசி போட்டு ரத்தம் எடுப்பான். ‘வலிக்காத தம்பி’ என்று அவனுக்கு ஊருக்குள் ஒரு பட்டப்பெயரே உண்டு. அந்தத் தம்பி இருந்தால்தான் கையை நீட்டுவேன் என்று அடம்பிடித்துக் காத்திருப்பவர்களும் உண்டு. கார் வாங்கி நான்கு மாதம்தான் ஆகிறது. மூன்று கை மாறி வந்த சாம்பல் நிறக் கார். பின்பக்கத்துச் சிவப்பு விளக்கின் கண்ணாடி உடைந்து தொங்கியபோது, கூடத்திலிருந்த பிளாஸ்திரியைக் கொண்டுவந்து அதைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி வைத்திருந்தான். பார்ப்பதற்குக் கார் பின்மண்டையில் அடிபட்டுக் கட்டுப்போட்ட மாதிரி இருக்கும்.

“மணி என்னன்னு பார்த்தியா? ஏழாகப் போகுது. நாப்பது பேரு வெறும் வயித்தோட வாசல்ல நின்னுக்கிட்டிருப்பாங்க. உனக்கு அதெல்லாம் மனசுல இல்ல.”

“அந்த அம்மா எனக்கு மனசுல இருக்காங்க.”

“உன் மனசை இறக்கி வெச்சுட்டு வா. நாப்பது பேரும் தெருவுல மயங்கி விழுந்தா நீ பதில் சொல்லு.”

“சரி, ஓட்டுங்க. போய் பூட்டின கதவைப் பார்த்துக்கிட்டு நில்லுங்க. சாவி என் பையில இருக்கு.”

“என்னடி, மிரட்டுறியா?”

“ஆமா. திருப்பினாத்தான் சாவி.”

அவன் கைத்தடம் பதியும்படி ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தான். அவளும் விடுவதாக இல்லை. விட்டுக்கொடுக்கிற ஆள்தான், ஆனால் இந்த விஷயத்தில் முடியவில்லை. இந்த நான்கு மாதமாக அவன் ஓட்டுகிற ஓட்டை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நடந்து போன காலத்தில் எறும்புக்கும் ஒதுங்கிப் போன மனுஷன், நான்கு சக்கரம் வந்ததும் நடக்கிறவர்களைக் கம்பம் மாதிரிப் பார்க்கிறான்.

“மகளோட பள்ளிக்கூடத்துக்கு நாம ரெண்டு பேரும் நடந்து போன அன்னைக்கு ஞாபகம் இருக்கா?” என்றாள். “ஒரு வெள்ளைக் கார்க்காரன் நம்ம மேல சேத்தை வாரி அடிச்சுட்டுப் போனான். நீங்க செருப்பைக் கழட்டி எறிஞ்சீங்க. அந்தச் செருப்பும் சாக்கடையில போச்சு. ஒத்தைச் செருப்போட வாத்தியாரைப் பார்த்தோம்.”

“அது வேற.”

“என்ன வேற?”

“அவன் வேணும்னே அடிச்சான்.”

“வேணும்னே அடிச்சான்னு உங்களுக்கு யாரு சொன்னா?”

“அதெல்லாம் பார்த்தாலே தெரியும்.”

“அந்த அம்மாவும் அப்படித்தானே பார்த்துக்கிட்டு நிப்பாங்க!”

முன்னால் ரவுண்டானா வந்தது. வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, வந்த வழியிலேயே காரைத் திருப்பினான்.

“திருப்பிட்டேன். போதுமா? போய் என்ன சொல்றதாம்?”

“மன்னிச்சுக்கங்கன்னு சொல்றது. வாய் வலிச்சுடாது.”

“நீயே சொல்லு.”

“ஓட்டினது யாரு?”

“சரி, சரி. நானே சொல்றேன். ஏத்திக்கிட்டுப் போய் எங்க போகணுமோ அங்க விட்டுடலாம். இனிமே வாயைத் திறக்காதே.”

அவளுக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. இவ்வளவுதானே கேட்டது என்று தோன்றியது. இப்போது அந்த பஸ் நிறுத்தம் சாலையின் எதிர்ப்பக்கம். அவள் அவன் தோளைத் தாண்டிக் கழுத்தை நீட்டினாள். அவனும் தலையை அந்தப் பக்கமே திருப்பியிருந்தான். பூட்டிக் கிடந்த டயர் கடை தெரிந்தது. அதன் முன்னால் தகரக் கூரை தெரிந்தது. கூரைக்கு அடியில் ஆளில்லை.

“காணோமே?”

“பஸ் ஏறிப் போயிருப்பாங்க.”

“பஸ்ஸு நமக்குப் பின்னாடிதானே வந்துது, நின்னு ஏத்திக்கிச்சா…”

சொல்லி முடிக்கவில்லை. இந்தப் பக்கத்துச் சக்கரம் எதிலோ தொப்பென்று இறங்கி ஏறியது. அவள் பக்கத்துக் கண்ணாடிக்கு வெளியே சேற்றுத் தண்ணீர் ஆளுயரத்துக்கு எழும்பி விழுந்தது. திடுக்கிட்டுத் திரும்பினாள். ஆவி படிந்த கண்ணாடிக்கு அப்பால் ஏதோ கறுப்பாக நின்றது போலிருந்தது. அதற்குள் கார் தாண்டிவிட்டது.

“ஐயோ, யாரோ நின்ன மாதிரி இருந்துது!”

“கம்பம்.”

“கம்பம் மாதிரி இல்லீங்க…”

“கம்பம்தான்! தாயே, உன் காலை வேணும்னாலும் பிடிக்கறேன். ஒவ்வொரு கம்பத்துக்கும் இறங்கி மன்னிப்புக் கேட்டுக்கிட்டிருந்தா நாளைக்குத்தான் போய்ச் சேருவோம். மணி ஏழு அஞ்சு!”

இந்த முறை அவள் வற்புறுத்தவில்லை. ஏன் வற்புறுத்தவில்லை என்று பிறகு அன்றைக்கு முழுவதும் தன்னையே கேட்டுக்கொள்ளப் போகிறாள். ஒரு தடவை திருப்பச் சொல்லித் திருப்பியாகிவிட்டது, இரண்டாவது தடவை கேட்க நாக்கு கூசியது. அவ்வளவுதான். அவன் அடுத்த சந்தில் காரை வளைத்து, வேறு தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு கூடத்துக்கு ஓட்டினான்.

கூடத்தின் வாசலில் ஆட்கள் சுவரோடு ஒட்டி நின்றிருந்தார்கள். நாற்பது என்று அவன் சொன்னது வாய்க்கு வந்த கணக்கு. எண்ணிப் பார்த்தால் பதினாறு.

“வலிக்காத தம்பி வராத தம்பி ஆயிட்டாரோன்னு பயந்துட்டோம்” என்றார் குடைக்குள்ளிருந்த ஒரு பெரியவர்.

“மழைங்க” என்றான் அவன்.

“எங்களுக்கும் அதே மழைதான் தம்பி. நாங்க நடந்து வந்துட்டோம்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பூட்டைத் திறந்தாள், விளக்குகளைப் போட்டாள். இரண்டு பேரும் முகக்கவசம் மாட்டிக்கொண்டார்கள். அவள் மேசைக்கும் அவன் ஊசி போடும் நாற்காலிக்கும் நடுவே ஒரு திரைச்சீலைதான். அதுவும் பாதி வளையம் கழன்று எப்போதும் ஒதுங்கியே கிடக்கும். இங்கே தும்மினால் அங்கே கேட்கும்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆட்கள் போனார்கள். அவன் கை பழையபடி ஓடியது. கையில் ரப்பர் பட்டையைக் கட்டுவான், ஏதோ கேட்பான், அவர்கள் பதில் சொல்லி முடிப்பதற்குள் பஞ்சை வைத்து அழுத்தி பிளாஸ்திரி ஒட்டிவிடுவான். “எடுத்தாச்சா?” என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே எழுந்து போவார்கள். அவளுக்கும் மனது மெல்ல அடங்கியது.

பதினாறு பேரும் முடியுமுன் வாசலில் இன்னொரு ஆள் வந்து நின்றது. கீழே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வழிந்தது. அவள் சீட்டெழுதிக்கொண்டே, “உள்ள வாங்க, நாற்காலியில உக்காருங்க” என்றாள்.

“உக்கார்ந்தா நாற்காலி வீணாப் போயிடும்மா. இப்படியே நிக்கறேன்.”

நிமிர்ந்து பார்த்தாள். பச்சை சால்வை. இப்போது பாதி பச்சை, பாதி சேறு. இடது கன்னத்தில் காய்ந்த சேறு, வலது கன்னத்தில் ஈரச் சேறு. அறுபதை எட்டப்போகிற வயது. கையில் டாக்டர் சீட்டைச் சுருட்டிப் பிடித்திருந்தாள். அதில் மை கரைந்து நீலமாக ஓடியிருந்தது.

“சர்க்கரை பார்க்கணும்மா. ராத்திரியிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. எழுத்து அழிஞ்சு போச்சு, ஆனா சர்க்கரைதான். எடுப்பீங்கல்ல? இன்னொரு நாள் இப்படிப் பட்டினியா வர எனக்குத் தெம்பில்ல.”

“எடுக்கறோம்மா. கண்டிப்பா எடுக்கறோம்.” சீட்டை வாங்கி மேசையில் விரித்து வைத்தாள். “என்னம்மா இப்படி நனைஞ்சிருக்கீங்க?”

“அதை ஏன் கேக்கறே! டயர் கடை முன்னாடி பஸ்ஸுக்கு நின்னேன். ஒரு சாம்பல் கார் சர்ருனு வந்து ஊத்திட்டுப் போச்சு. சரி, மழைன்னா நடக்கறதுதான். வீட்டுக்குப் போய்த் துணி மாத்திக்கிட்டு வரலாம்னு ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நிக்கறேன். நம்ப மாட்டே. அதே கார் திரும்பி வந்துது.”

காத்திருந்தவர்கள் காதைத் தீட்டினார்கள். திரைக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றது.

“அதே காரா?” என்றார் குடைக்காரப் பெரியவர். ரத்தம் கொடுத்து முடித்தும், மழை விடட்டும் என்று உட்கார்ந்திருந்தவர்.

“அதே கார்தான் ஐயா. பின் விளக்குல வெள்ளையா என்னமோ ஒட்டியிருக்கும், ஆஸ்பத்திரி பிளாஸ்திரி மாதிரி. போனவன் மெனக்கெட்டுத் திரும்பி வந்து, எம்மேல இன்னொரு தடவை ஊத்திட்டுப் போனான். வேணும்னே.”

“சேச்சே, குடிகாரனா இருப்பான்” என்றார் பெரியவர்.

“தனியா இருந்தாலும் பரவால்ல. பக்கத்துல ஒருத்தி உக்கார்ந்திருந்தா. நான் இந்தப் பக்கம் நிக்கறேன், அவ முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டா. என் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்காத மாதிரி.”

அவள் கையிலிருந்த பேனா மேசையில் உருண்டு கீழே விழுந்தது. குனிந்து எடுத்தவள் உடனே நிமிரவில்லை. ‘உங்களைத் தேடித்தான் அம்மா அந்தப் பக்கம் பார்த்தேன்’ என்று நெஞ்சுக்குள் ஒரு குரல் கத்தியது. முகக்கவசம் மட்டும் இல்லாவிட்டால் முகம் காட்டிக்கொடுத்திருக்கும்.

“அதுக்கு மேல நனைய என்ன இருக்கு, வீட்டுக்குப் போவானேன்னு நேரா இங்க வந்துட்டேன்” என்று அந்த அம்மா சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. “தண்ணி காய்ஞ்சுடும். ஆனா வழியெல்லாம் இதே யோசனை. அவன் யாரு? எனக்கும் அவனுக்கும் என்ன பகை? நான் யாருக்கு என்ன கெடுதல் செஞ்சேன்? நாளைக்கு அந்த நிறுத்தத்துல போய் நிக்கவே பயமா இருக்கு.”

அவள் மீதமிருந்தவர்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, அந்த அம்மாவின் கையைப் பிடித்துத் திரைக்கு உள்ளே கூட்டிப் போனாள். ஆணியில் தொங்கிய துண்டை எடுத்துப் போர்த்தினாள். அவன் மேசைக்கு முன்னால் சர்க்கரை பார்ப்பதற்கான சாம்பல் நிற மூடிக் குப்பியை வைத்தபடி நின்றான்.

“சொல்லிடுங்க” என்றாள் அவன் காதருகில்.

“எல்லாரும் உக்கார்ந்திருக்காங்க” என்றான் உதடு அசையாமல்.

“உக்காரட்டும்.”

“வேலை போயிடும்.”

“ரெண்டாவது தடவை நடந்தது தெரியாம நடந்ததுன்னு நம்ம ரெண்டு பேரைத் தவிர யாருக்குத் தெரியும்? நீங்க சொல்லலன்னா இவங்க சாகற வரைக்கும்…”

“என்னம்மா குசுகுசுப்பு? நரம்பு கிடைக்கலியா?” என்றாள் அந்த அம்மா. “எதிர்வீட்டுக்காரி உங்க பேரைச் சொல்லித்தான் அனுப்பினா தம்பி. அவர் குத்தினா எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காதுன்னா.”

அவன் உட்கார்ந்து ரப்பர் பட்டையைக் கட்டினான். அந்த அம்மாவின் கை பனிக்கட்டியாக இருந்தது. குளிரில் நரம்பு ஒன்றுகூட மேலே தெரியவில்லை. விரலால் தட்டிப் பார்த்தான், தேய்த்துப் பார்த்தான். ஊசியை இறக்கினான். குப்பியில் ஒரு துளியும் ஏறவில்லை. வெளியே எடுத்தான். அந்த அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, “பரவால்ல, பரவால்ல” என்றாள்.

இத்தனை வருஷத்தில் அவன் தவறவிட்டு அவள் பார்த்ததில்லை. அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். நீயே சொல்லிவிடேன் என்று கெஞ்சுகிற பார்வை. வார்த்தை அவள் நுனி நாக்கு வரை வந்தது. அவள் சொன்னால் அது கோள் சொன்ன மாதிரி ஆகிவிடும். அவன் வாயாலேயே வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அவன் புது ஊசியை எடுத்தான். மற்றக் கையில் பட்டையைக் கட்டிவிட்டு, முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான்.

“அம்மா…” என்றான்.

“எனக்கு வலி பெரிசில்ல, நீங்க குத்துங்க தம்பி” என்றாள் அந்த அம்மா. ஈரக் கையை அவன் முன்னால் இன்னும் நன்றாக நீட்டி வைத்தாள். “நீங்களும் எத்தனையோ மனுஷங்களைப் பார்க்கறவரு. நீங்களே சொல்லுங்க, அவன் எதுக்குத் திரும்பி வந்திருப்பான்?”