படியேறி வந்த நீலப்புகை

வேனின் புகை, வண்டி வாங்கிய மூன்றாம் வருஷம்தான் படியேறி வீட்டுக்குள் வந்தது. அதுவரை தெருவோடு நின்றுகொண்டிருந்தது. காலையில் வண்டியைக் கிளப்பியதும் சைலன்சரிலிருந்து நீலமாக ஒரு பொதி வெளியே வரும். மற்ற வண்டிகளின் புகையைப் போலக் கலையாமல் மதிலோரம் ஒதுங்கி நின்று, மலைமேல் இருந்த மருத்துவமனைக்கு நர்சுகளை ஏற்றிக்கொண்டு போன அக்கா திரும்பி வரும்வரை காத்திருக்கும். நாளாக ஆகச் சேர்ந்து சேர்ந்து ஒரு கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்தபிறகு அதற்குத் தெரு போதவில்லை போலிருக்கிறது. ஒரு மழைநாளில் மாடியேறி வந்து தையல் மெஷினுக்கும் பீரோவுக்கும் நடுவில் படுத்துக்கொண்டது. தையற்காரரான அக்காவின் கணவர், தைக்கிற துணியிலெல்லாம் ஆயில் வாடை அடிக்கிறது என்று கொஞ்ச நாள் முணுமுணுத்தார். அதன்மேல் காலை நீட்டி வைத்தால் மூட்டுவலிக்கு இதமாக இருக்கிறது என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டார். வேன் ஓட்டிய அக்காவுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. நர்சுகள் அக்கா அக்கா என்று கூப்பிட்டதில் அது மறைந்துபோய், கணவரே சில சமயம் வாய்தவறி அக்கா என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்.

புகையோடு குடும்பம் நடத்தப் பழகிவிட்டார்கள். வண்டி இழுக்காததுதான் தலைவலியாக இருந்தது. சிக்னலில் நின்றால் குளிர் ஜுரம் கண்டதுபோல் நடுங்கும். மலையில் முதல் கியரை விட்டு மாறாது. கடைசி வளைவில் நர்சுகள் இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வண்டிக்கு முன்னாலேயே நடந்து போய்ச் சேர்ந்துவிடுவார்கள். இரண்டு ஒர்க்ஷாப்பில் காட்டியாகிவிட்டது. நீலப்புகையைக் கண்டதுமே பானெட்டைக்கூடச் சரியாகத் திறக்காமல், பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, இன்ஜினை மொத்தமாக இறக்க வேண்டும், அதற்குப் பேசாமல் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றார்கள். அடுத்த பரிசோதனையில் புகை வந்தால் பர்மிட் கிடையாது என்று வாகன ஆய்வாளரும் சொல்லிவிட்டார். கண்ணாடி பளபளக்கும் பஸ் வைத்திருந்த ஒரு கம்பெனி அந்த வழித்தடத்தைக் கேட்டு மருத்துவமனைக்கு நடையாக நடந்துகொண்டிருந்தது. அக்கா வண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஸ்டியரிங்கைப் பிடிக்காத கையை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்த ஊரில் இன்ஜின் என்றால் அக்காவின் நாத்தனார்தான். அவள் பட்டறை நாலு தெரு தள்ளி இருந்தது. ஆனால் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. வேன் வாங்கிவந்த அன்று நாத்தனார் பானெட்டைத் தட்டிப் பார்த்து, "அண்ணி, இது வண்டி இல்ல, கொசுமருந்து மிஷின்" என்று சொல்லிவிட்டாள். கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அன்று முறுக்கிக்கொண்ட அக்கா, வருஷக்கணக்கில் சொல்ல வேண்டியதையெல்லாம் கணவர் வாயிலாகவே சொல்லி அனுப்பினாள். நடுவில் மாட்டிக்கொண்ட அவர் இரண்டு பக்கமும் பாதியை முழுங்கிவிட்டுத்தான் சொல்வார். இதை இப்படியே விட்டால் ஆகாது என்று புகைக்குத் தோன்றியிருக்க வேண்டும். பரிசோதனை நெருங்கிய சமயத்தில், ஒரு காலை, அது தானாகப் படியிறங்கி, தெருவோரமாக நடந்துபோய், நாத்தனாரின் பட்டறை வாசலில் உட்கார்ந்துகொண்டது. அதைக் கூட்டிவர அக்காவே போக வேண்டியதாயிற்று.

"வாங்க அண்ணி. காலையிலேர்ந்து இங்கதான் உக்காந்திருக்கு" என்றாள் நாத்தனார்.

"அதுவா வந்துச்சு. நான் ஒண்ணும் அனுப்பல."

"தெரியும். நீங்க அனுப்ப மாட்டீங்க." நாத்தனார் கையைத் துடைத்துக்கொண்டு புகையைச் சுற்றிவந்து பார்த்தாள். "வண்டியில இது எப்பல்லாம் வருது?"

"காலையில மொதல்ல எடுக்குறப்ப. அப்புறம் எறக்கத்துல கால எடுத்துட்டு வந்து, கீழ மறுபடி மிதிச்சா ஒரு மூட்டை."

"ஏறுறப்ப?"

"ஏறுறப்ப இல்ல. அப்ப இழுக்காது, அவ்வளவுதான்."

"ரிங்கா இருந்தா ஏறுறப்பதான் கொட்டும் அண்ணி. இத யாரும் உங்ககிட்ட கேக்கலையா?"

"நீதான் மொதல்ல கேக்குற" என்றாள் அக்கா.

அன்றைக்கே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஓடும் வண்டியின் சைலன்சர் வாயில் நாத்தனார் ஒரு வெட்டுத்துணியைப் பிடித்தாள். வெளியே படபடக்க வேண்டிய துணி நடுநடுவே உள்பக்கம் இழுபட்டது. பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டராக அழுத்தம் பார்த்தாள். எல்லாம் நன்றாக இருக்க, மூன்றாவதில் மட்டும் மீட்டரின் ஊசி பாதியிலேயே படுத்துவிட்டது. அந்தத் துளையில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்த்தாள். ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடுக்கை அடைத்து ஊசி ஏற வேண்டும். ஏறவில்லை. ஊசி ஏறாததற்காக ஒரு பட்டறையில் இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டார்கள் என்றால் அது அன்றுதான். கம்ப்ரசரிலிருந்து காற்றை உள்ளே விட்டதும் சைலன்சர் வழியாக உஸ்ஸென்று சத்தம் வந்தது. புகை எழுந்துபோய் அதில் காதை வைத்துக் கேட்டது.

"அடிப்பக்கம் கல்லு மாதிரி இருக்கு. மேல ஒரு வால்வு எரிஞ்சிருக்கு, ஆயிலத் தடுக்குற சீலெல்லாம் காஞ்சிருக்கு. ராத்திரியெல்லாம் ஆயில் அது வழியா சொட்டுது" என்றாள் நாத்தனார்.

இன்ஜின் தலையை மட்டும் கழற்றினார்கள். ரப்பராக இருக்க வேண்டிய சீல்கள் நகத்துண்டுபோல் உடைந்தன. எரிந்த வால்வின் விளிம்பில் எலி கடித்த பிஸ்கட் மாதிரி ஒரு பள்ளம். அதற்குப் புதிது போட்டு, மற்ற வால்வுகளை அண்ணியும் நாத்தனாருமாக எதிரெதிரே உட்கார்ந்து, சொரசொரப்பான பசை தடவி, உள்ளங்கைகளுக்கு நடுவில் கடைந்து கடைந்து, பெட்ரோல் ஊற்றினாலும் ஒரு சொட்டு கசியாதபடி உட்கார வைத்தார்கள்.

"அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது அண்ணி."

"நீ சொன்னது சரிதான். அதனாலதான் கோவம் வந்துச்சு" என்றாள் அக்கா.

புதுச் சீல்களும் மாட்டியபின் வண்டியைக் கிளப்பினார்கள். புகையே வரவில்லை. நடுக்கமும் இல்லை. மறுநாள் அக்கா மலையை மூன்றாவது கியரில் ஏறினாள். கடைசி வளைவில் பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றிய நர்சுகள், வண்டி நிற்காமல் பறப்பதைக் கண்டு செருப்பை மடியில் வைத்துக்கொண்டு பாட்டுப் பாடினார்கள். மருத்துவமனைக் காவலாளி அவ்வளவு சீக்கிரம் யாரும் வருவார்கள் என்று நினைக்காததால் கேட்டைத் திறக்கச் சாவியைத் தேடி ஓடினார். கண்ணாடி பஸ் கம்பெனி வேறு ஊர் பார்க்கப் போனது.

பரிசோதனை அன்று ஆய்வாளர் சைலன்சர் வாயில் தன் கைக்குட்டையை நெடுநேரம் பிடித்தார். வெள்ளையாகப் போனது வெள்ளையாகவே வந்தது. அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். ஓட்டுநருக்குப் பின்னால், ஜன்னலோர சீட்டில், புகை உட்கார்ந்திருந்தது.

"புகை வரக்கூடாதுன்னு சொல்லியிருந்தேனே."

"வண்டியிலேர்ந்து வரல சார். கூட வருது" என்றாள் அக்கா. நாத்தனார் பக்கத்தில் நின்று தலையசைத்தாள்.

ஆய்வாளர் சீட்டுகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார். நின்றுகொண்டு வருகிற மாதிரி யாரும் இல்லை. சரி என்று கையெழுத்துப் போட்டார். இப்போது புதிதாக வேலைக்குச் சேரும் நர்சுகள், கொஞ்சம் தள்ளி உக்காருங்க என்று சொல்வார்கள். அது தள்ளி உட்காரும்.